வெளியிலிருந்து வரும் சங்கத் தலைவர்: வாடியா விலகியதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சங்கத்தின் செயற்குழுவிலும் இருக்கிறேன். எங்கள் தலைவர் ஒரு வழக்கறிஞர். ஒரு நாள்கூட இயந்திரத்தின் முன் நின்றவர் அல்லர் என்றாலும் அடுத்தடுத்து நான்கு ஊதிய ஒப்பந்தங்களை முடித்துக் கொடுத்தவர். மூப்பின் காரணமாக இவ்வாண்டோடு விலகிக்கொள்வதாக அவர் அறிவித்துவிட்டார். அவருடைய இடத்துக்கு மறுபடியும் வெளியாள் ஒருவரையே அழைத்து வருவதா, அல்லது எங்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராக்குவதா என்று உறுப்பினர்களிடையே கடும் வாக்குவாதம் நடந்து கொண்டிருக்கிறது. வெளியாளை நிர்வாகத்தால் வேலைநீக்கம் செய்ய முடியாது என்கிறது ஒரு தரப்பு. வேலை போய்விடும் என்ற அச்சமே இல்லாதவருக்கு எங்கள் அச்சம் எப்படிப் புரியும் என்கிறது மற்றொரு தரப்பு.

இந்த நேரத்தில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க வரலாற்றைப் படித்தேன். பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் முதல் தலைவர் பி. பி. வாடியா, பம்பாயில் பிறந்த பார்சி. அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த அவர், அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' நாளிதழில் பணியாற்றியவர். தன்னாட்சி இயக்கத்துக்காக 1917-ல் பெசன்டோடும் அருண்டேலோடும் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டவர். நெசவாலைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. அவர் ஆங்கிலத்தில் பேச, வேறொருவர் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று படித்தபோது வியப்பாக இருந்தது.

ஆனால் 1920 அக்டோபரில் கதவடைப்பு வந்து, நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் அவர் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குத் தொடுத்த பிறகு ஏற்பட்ட சமரசத்தின்படி, அவர் சங்கத்தோடு இருந்த தொடர்பை விட்டுவிட்டார். வழக்கு கைவிடப்பட்டது. அவர் 1922-ல் பிரம்மஞான சபையையும் விட்டு விலகி வேறு பணிகளுக்குப் போய்விட்டார்.

என் கேள்வி இதுதான்: இதைத் தலைவர் தொழிலாளரைக் கைவிட்ட செயலாகக் கொள்வதா? வெளியிலிருந்து வருகிறவர் ஒருநாள் வெளியே போய்விடுவார் என்பதற்கு இதுவே சான்று என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாதிட்டபோது எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

மறுமொழி 1: வரலாற்று வாசகர்

தங்கள் கூட்டத்தில் பேசியவர் கதையின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். தொடக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் வாடியாவின் மீது அவ்வளவு எளிதாகப் பழி சுமத்த முடியாது.

அந்தச் சங்கத்துக்கான முயற்சி வாடியாவிடமிருந்து தொடங்கவில்லை. தொழிலாளர்களின் குறைகளை முதலில் காதுகொடுத்துக் கேட்டவர்கள், ஆலைப் பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் இராமாநுஜுலு நாயுடுவும். சமயச் சொற்பொழிவுகளுக்காக அவர்கள் நடத்திவந்த சபைக்கு வந்துபோன ஆலைத் தொழிலாளர்கள், புராணக் கதை முடிந்த பிறகு தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். மேலாளர்களின் வசையும் அடியும், அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டியிருந்த குறுகிய நண்பகல் இடைவேளையும் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன. தங்களால் மட்டும் ஆகாது என்று உணர்ந்த இருவரும் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குச் சென்று வாடியாவைச் சந்தித்தார்கள். ஆக, தலைவரைத் தேடிப் போனவர்கள் தொழிலாளர் பக்கத்திலிருந்து போனவர்களே. தலைமைப் பதவியைத் தேடிக்கொண்டு வாடியா பெரம்பூருக்கு வரவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1918-ல் சங்கப் பொறுப்பு ஏற்கும் ஆலைத் தொழிலாளிக்கு மறுநாள் வேலை இருக்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளியாள் தலைவராக இருந்தது அன்று விருப்பத்தின்பாற்பட்டதன்று, வேறு வழியில்லாத நிலை. பத்தாண்டுகளுக்கு முன்பு, 1908-ல், தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை நடத்திய வ. உ. சிதம்பரனாரும் வழக்கறிஞர்தானே. அந்த வேலைநிறுத்தம் தொழிலாளருக்கு வெற்றியாக முடிந்தது. முடிந்த சில நாள்களிலேயே, மார்ச் 12 அன்று, அவர் கைதானார். வெளியாளை வேலைநீக்கம் செய்ய முடியாதுதான், ஆனால் சிறைக்கு அனுப்பலாம், நீதிமன்றத்துக்கும் இழுக்கலாம்.

வாடியா தலைமையின் தன்மையைக் காட்டும் ஒரு செய்தி பலர் கண்ணில் படுவதில்லை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1918-ல், ஆலையில் படைக்கான துணி நெய்யப்படுவதால் வேலைநிறுத்தம் வேண்டாம் என்று தொழிலாளரைத் தடுத்தவர் அவர். ஆத்திரத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நின்று 'இப்போது வேண்டாம்' என்று சொல்வது எளிதன்று. அதுவும் அவர்களுடைய மொழியில் பேசத் தெரியாத ஒருவர் சொல்லி, அவர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள் என்றால், அவர்மேல் வைத்த நம்பிக்கையை அளந்து கொள்ளலாம். அந்தக் காரணம் சரியா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசப் பற்று தொழிலாளரின் வயிற்றை முந்திக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி 1920-21. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று சொல்லி நட்டஈடு கேட்டது நிர்வாகம். நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து தொழிற்சங்கங்களுக்கு 1906-லேயே சட்டப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. இந்தியாவில் அது இல்லை. அந்த இடைவெளியில்தான் வாடியா மாட்டிக்கொண்டார். இந்த வழக்கு எழுப்பிய கொதிப்பில், 1921-ல் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானத்தைக் கொண்டு வந்தார். அதன் தொடர்ச்சியாக 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பதை மட்டும் காரணமாகக் காட்டிப் பதிவுபெற்ற சங்கத்தின் மீது உரிமையியல் வழக்குப் போட முடியாது என்று அதன் 18-ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வாடியாவின் நினைவு வரும்.

அவர் கைவிட்டாரா? வழக்கின் சுமை சங்கத்தின் தலையில் விழாமல் இருக்க விலகினார் என்பது ஒரு கோணம். ஆனால் நிர்வாகம் என்ன கேட்டது என்பதையும் பாருங்கள். அது சங்கத்தைக் கலைக்கச் சொல்லவில்லை, வாடியாவைப் போகச் சொன்னது. அவர் போனால் போதும் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போடும் அளவுக்குச் சங்கம் ஒருவரின் தோளில் நின்றிருக்கிறது. குறை என்று சொல்வதானால் அதைச் சொல்வேன்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர்

தோழருக்கு வணக்கம். வரலாற்றை முன்னவர் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் பார்த்த இரண்டு தலைவர்களைப் பற்றி எழுதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் இருவருக்கும் அருகில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலாமவர் வெளியாள். ஒருமுறை ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில், நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான உயர்வைத் தருவதாக நிர்வாகம் சொன்னது. அதற்கு ஈடாக அச்சழுத்தப் பிரிவில் ஒரு ஷிஃப்டுக்கு 420 உருப்படிகள் என்றிருந்ததை 460 ஆக்க வேண்டும் என்று கேட்டது. தாளில் பார்த்தால் பத்து விழுக்காடுகூட இல்லை. தலைவர் தலையசைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டை எனப்படும் அச்சை மாற்றுவதற்கு ஆகும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் படித்துவிட்டு, ஒன்றும் புரியாத முகத்தோடு, ஆனால் மிகக் கம்பீரமான குரலில், "பத்து நிமிடம் இடைவேளை வேண்டும்" என்றார். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டை மாற்றுவது என்றால் என்னப்பா, எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்டார். நான் ஒரு நாளில் எத்தனை முறை மாற்றுகிறோம், ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் போகிறது என்று சொல்ல, அவர் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். உள்ளே திரும்பிப் போய் அந்த நேரத்தைக் கழித்த பிறகே எண்ணிக்கையைப் பேசலாம் என்று ஒன்றரை மணி நேரம் விட்டுக்கொடுக்காமல் நின்றார். ஒப்பந்தத்தில் 460 வரவே இல்லை.

இரண்டாமவர் எங்கள் பிரிவிலேயே என்னோடு நின்று வேலை செய்தவர், நல்லவர்தான். தலைவரான ஆறாவது மாதத்தில் அவரை இலகுவான பணி என்று சொல்லி நேரப் பதிவு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். சங்க வேலைக்கு வசதியாக இருக்கும் என்று நாங்களும் மகிழ்ந்தோம். ஓராண்டு கழித்து, புது இயந்திரத்தில் சூடு தாங்கவில்லை என்று சொல்லப் போனவர்களிடம் அவர் "நிர்வாகத்துக்கும் சிரமம் இருக்கிறதப்பா" என்று சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய சட்டையில் எண்ணெய்க் கறை பட்டு அப்போது எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. யாரும் அவரை விலைக்கு வாங்கவில்லை. நாற்காலி மாறியது, அவ்வளவுதான்.

ஆகவே, தோழரே, உள்ளாளா வெளியாளா என்பதைவிட, தலைவரின் பக்கத்தில் சீட்டு எழுதித் தள்ளக்கூடிய இரண்டு பேர் இருக்கிறார்களா, அதைப் படிக்கும் பழக்கம் அவருக்கு உண்டா என்றுதான் நான் கேட்பேன். உங்கள் வழக்கறிஞர் நான்கு ஒப்பந்தங்கள் முடித்தார் என்கிறீர்கள். அந்த நான்கிலும் அவரோடு உள்ளே உட்கார்ந்தவர்கள் யார் யார், அவர்களில் எத்தனை பேருக்கு இன்று தனியாக உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தத் தெரியும்?

மறுமொழி 3: தொழிலாளர் சட்டம் பயில்பவர்

சட்ட நிலையைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன், ஏனெனில் தங்கள் உறுப்பினர்கள் இதை அறியாமலே வாதிடுவதாகத் தோன்றுகிறது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகச் சங்க நிர்வாகிகளில் பாதிப் பேர்வரை வெளியாள்களாக இருக்க இடம் தந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குறைத்து, அமைப்புசார்ந்த தொழில்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐவர், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கு மட்டுமே வெளியாள் இருக்கலாம் என்றாக்கியது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் அதே அளவைத்தான் வைத்திருக்கிறது. எனவே வெளியாள் ஒருவரைத் தலைவராக்கத் தடை ஏதுமில்லை.

உள்ளாள் தலைவரானால் பழிவாங்கப்படுவார் என்ற அச்சத்துக்கு ஓரளவு மாற்று உண்டு. 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என்று நிர்வாகம் ஏற்றுக்கொண்ட சங்க நிர்வாகியை, ஒரு தகராறு நிலுவையில் இருக்கும் காலத்தில், உரிய அதிகார அமைப்பின் முன் எழுத்து அனுமதி பெறாமல் வேலைநீக்கம் செய்ய முடியாது. அவர்களின் எண்ணிக்கை மொத்தத் தொழிலாளரில் ஒரு விழுக்காடு. ஐவருக்குக் குறையக் கூடாது, நூற்றுக்கு மிகக் கூடாது. நடைமுறையில் பல சங்கங்கள் பெயர்ப் பட்டியலை உரிய காலத்தில் அனுப்பத் தவறிவிட்டுப் பிறகு வருந்துகின்றன. தங்கள் சங்கம் சென்ற ஆண்டு அனுப்பியதா என்று கோப்பைப் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 4: பெரம்பூர்ப் பகுதி வாசகர்

வாடியாவோடு கதையை நிறுத்திவிடுகிறீர்கள். அவருக்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் தலைமையைப் பற்றிய கடினமான கேள்விகள் இருக்கின்றன.

தொடக்கத்தில் துணைத் தலைவராக இருந்த திரு.வி.க. அடுத்துச் சுமையை ஏற்றார். அவரும் ஆலையில் வேலை செய்தவர் அல்லர். வெஸ்லி கல்லூரியில் தமிழ் கற்பித்தவர், 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய இதழ்களின் ஆசிரியர். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத தலைவர். 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆளுநர் வெலிங்டன் அழைத்து, நாடு கடத்தப்படுவீர் என்று எச்சரித்ததை அவர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதன் பின்னும் அவர் ஒதுங்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1947-ல், அதே ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது, அறுபதைக் கடந்த வயதில், காங்கிரசு அரசு அவரை வீட்டுக்காவலில் வைத்தது. வெளியாள் என்றால் போய்விடுவார் என்று உங்கள் கூட்டத்தில் வாதிட்டவருக்கு இந்த ஒரு வாழ்க்கையே விடை. அந்த 1947 போராட்டத்தின்போது சங்கத் தலைவராக இருந்த அந்தோணிப் பிள்ளையும் வெளியாள்தான், இலங்கையில் பிறந்தவர். 1946-ல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், போராட்டத்துக்காகச் சிறை சென்றார், 1957-ல் வடசென்னையின் நாடாளுமன்ற உறுப்பினரானார், பின்னும் நெடுங்காலம் இங்கேயே தொழிற்சங்கப் பணியில் இருந்தார்.

ஆனால் 1921-ஐப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக என்னால் இயலாது. மாதக்கணக்கில் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பும்படி ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜா ஆதரவு கொடுத்தார். அதன் விளைவாகப் புளியந்தோப்பில் கலவரமும் தீவைப்பும் நடந்தன. ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அன்று மாகாணத்தில் ஆட்சியில் இருந்த நீதிக்கட்சிக்குள்ளும் இதனால் பிளவு விழுந்தது. அக்டோபரில் தொழிலாளர்கள் தோற்று உள்ளே போனார்கள். முன்பே வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்களைக் 'கருங்காலிகள்' என்று எழுதுவது நெடுங்கால வழக்கம். என் பாட்டனார் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த சேரியில் பிறந்தவர் என்பதால், அது என் காதில் வேறு மாதிரி விழுகிறது. கையில் ஒரு வாரச் சேமிப்புகூட இல்லாதவர் எத்தனை மாதம் பட்டினி கிடப்பார்? வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்ட நாளில், யாரால் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்பதைச் சங்கத் தலைமை சேரிக்கு வந்து கேட்டதா, ஆலைக்கு வெளியே தங்களைத் தள்ளிவைத்த மனிதர்கள் ஆலைக்குள் மட்டும் தோழர்கள் ஆகிவிடுவார்கள் என்று எந்த நம்பிக்கையில் எதிர்பார்த்தது என்று நான் கேட்பேன். திரு.வி.க. தனிப்பட்ட முறையில் சாதி வெறுப்புக் கொண்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆயினும் சங்கம் பிளந்தது அந்தக் கோட்டின் மேல்தான். அதைப் பிளக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டியது தலைமை.

உங்கள் தொழிற்சாலையில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பிரிவில் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. செயலாளர் ஐயா கேட்டதற்கு நேர்மையாக விடை சொன்னால், நான்கு ஒப்பந்தங்களிலும் தலைவரோடு உள்ளே போனவர்கள் அதே மூவர். அவர்களில் இருவர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். எஞ்சிய ஒருவர் நான். எனக்குமே தனியாகப் பேசிப் பழக்கமில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலைத் தேடினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அனுப்பிய நகல்தான் கோப்பில் இருக்கிறது.

பெரம்பூர் நண்பர் ஊகித்தது சரி. எங்களிடம் நிரந்தரத் தொழிலாளரைவிட ஒப்பந்தத் தொழிலாளர் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், ஒருவர்கூடச் சங்கத்தில் இல்லை. வாயில் கூட்டத்தில் நாங்கள் தமிழில் பேசும்போது அவர்கள் எங்களைத் தாண்டிப் பேருந்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். வாடியாவின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல ஆள் இருந்தது. எங்கள் தமிழை இந்தியிலோ ஒடியாவிலோ சொல்ல எங்களிடம் ஆள் இல்லை என்பது இந்த உரையாடலைப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

வெப்பச் செயலாக்கப் பிரிவில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் நான்கு ஆண்டுகளாக இருக்கிறார், நன்றாகத் தமிழ் பேசுவார். நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கூட்டத்துக்கு வருவதில் தடையில்லை, ஆனால் ஒப்பந்ததாரருக்குத் தெரிந்தால் மறுநாள் உள்ளே விடமாட்டார்கள் என்றார். ஒப்பந்தத் தொழிலாளரை உறுப்பினராகச் சேர்க்க எங்கள் விதிமுறையில் இடம் இருக்கிறதா, இல்லையெனில் தேர்தலுக்கு முன்பே பொதுக்குழுவைக் கூட்டித் திருத்த முடியுமா என்று சட்டம் பயிலும் நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.